பூகம்பத்தில் ஓடிய பையன் ஒலிம்பிக் வீரன் ஆனான்!

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. வெள்ளிக்கிழமை. பகல் மணி 2-46.

ஜப்பான் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் சென்டாய் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள பனித்தள அரங்கத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் சறுக்கு நடனம் பழகிக்கொண்டிருந்தான். காலிலே சறுக்கு பூட்ஸ். காலடியில் கண்ணாடிபோலப் பளபளக்கும் பனிக்கட்டித் தரை.

திடீரென்று தரை ஆடியது. கட்டிடம் முழுவதும் கிடுகிடு என்று நடுங்கியது. பையன் வெளியே ஓடினான். பூட்ஸைக் கழற்றக்கூட நேரம் இல்லை. அடியில் இரும்புத் தகடு பொருத்திய அந்த பூட்ஸோடேயே ஓடினான்.

அந்தப் பூகம்பத்தின் அளவு 9. ஜப்பானில் பூகம்பத்தை அளந்து குறிக்கத் தொடங்கிய நாள் முதல் அத்தனை பெரிய அதிர்ச்சி ஏற்பட்டதில்லை. பிறகு கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. சுமார் 15,900 பேர் மாண்டார்கள். 2,500 பேருக்கு மேல் காணாமற் போனார்கள்.

இது நடந்து மூன்று ஆண்டுகள்கூட முடியவில்லை. அதே பையன் ருஷ்யாவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றான். சறுக்கு நடனத்தில் ஆண்கள் தனிப் போட்டியில் ஆசியாக் கண்டத்துக்குக் கிடைத்த முதல் தங்கம் அது!

அவன் பெயர் யுஸுரு ஹன்யூ.

அந்தத் தங்கத்தை அடைவதற்கு முன்னால் அவன் மனத்தை ஒரு கேள்வி அரித்தது. ஊரே அழுதுகொண்டிருக்கும்போது ஒருவன் ஆடலாமா? இதுதான் அந்தக் கேள்வி.

இழுப்பு நோய்

ஹன்யூ 1994-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி சென்டாய் நகரில் பிறந்தான். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். "யுஸுரு" என்ற பெயரை எழுதும் எழுத்துக்களில், கட்டிய வில்லின் நாண் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. இழுத்துக் கட்டிய நாண்போல நேராகவும் உறுதியாகவும் வாழவேண்டும் என்று வைத்த பெயர் அது.

ஆனால் குழந்தைக்கு உடம்பு உறுதியாக இல்லை. இரண்டு வயதிலேயே ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் வந்துவிட்டது.

அவனுக்கு ஓர் அக்காள் உண்டு. அவள் சறுக்கு நடனம் கற்கப் போனாள். நாலு வயதுத் தம்பியும் அவள் பின்னாலேயே போனான். இழுப்பு உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று ஆகாது. பனித்தள அரங்கத்திலோ எப்போதும் குளிர்தான். இருந்தாலும் பையன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

2002-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தில் ருஷ்ய வீரர் எவ்கெனி பிளஷென்கோ ஆடியதை ஏழு வயது ஹன்யூ டெலிவிஷனில் பார்த்தான். அன்று முதல் அவர்தான் அவனுக்குத் தெய்வம். அவரைப்போலவே ஆடப் பழகினான். அவரைப்போலவே குடை கவிழ்த்தாற்போலத் தலைமுடியையும் வெட்டிக்கொண்டான்!

காற்றில் நாலு சுற்று

சறுக்கு நடனம் என்றால் என்ன? நம் ஊரில் பனியும் இல்லை. பனித்தளமும் அதிகம் இல்லை. ஆகவே இதைச் சிறிது விளக்கவேண்டும்.

வீரன் அணியும் பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு உண்டு. அதன் கனம் அரைச் சென்டிமீட்டர்கூட இராது. அதன் ஓரத்தில் நின்றுதான் ஓடவேண்டும், சுழலவேண்டும், துள்ளவேண்டும். துள்ளிய வீரன் ஒரு விநாடிக்குள் காற்றில் மூன்று சுற்றோ நாலு சுற்றோ சுற்றிவிட்டு, ஒற்றைக் காலில் இறங்கவேண்டும். விழுந்தால் மார்க் குறையும். இசைக்குப் பொருந்தாமல் ஆடினாலும் மார்க் குறையும்.

போட்டியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் குறு நடனம். அது மூன்று நிமிஷத்துக்கு உட்பட்டது. அடுத்தது நெடு நடனம். ஹன்யூ ஒலிம்பிக்கில் ஆடிய காலத்தில் ஆண்களுக்கு அது நாலரை நிமிஷம். நல்ல உடம்புக்காரர்களே அதன் முடிவில் மூச்சு வாங்கி நிற்பார்கள். இழுப்பு நோய்க்காரன் நிலை எப்படி இருக்கும்!

மூடிய கதவு

2004-ம் ஆண்டு. சிறுவர்களுக்கான தேசியப் போட்டியில் ஒன்பது வயது ஹன்யூ முதல் பரிசு பெற்றான். வீட்டிலே ஆனந்தம். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு பெரிய இடி விழுந்தது. அவன் பழகி வந்த அரங்கத்தை மூடிவிட்டார்கள். பணமுடைதான் காரணம்.

நீச்சல் பழகுகிறவனுக்குக் குளம் வற்றியது போன்ற நிலை. வேறு அரங்கத்துக்குப் போகவேண்டியிருந்தது. பழகும் நேரமும் குறைந்துபோயிற்று.

கதவைத் திறந்து வைத்தது ஒரு பெண்மணியின் வெற்றி. சென்டாயில் பழகிய ஷிஸுகா அரகாவா என்ற வீராங்கனை, 2006-ம் ஆண்டு இத்தாலியில் டூரின் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வென்றார். தாம் பழகிய அரங்கத்தைத் திறக்கவேண்டும் என்று அவர் குரல் கொடுத்தார். 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் அரங்கம் மறுபடி திறந்தது.

ஒருவருடைய பதக்கம் ஊருக்கே பயன்படும் என்பதை 12 வயது ஹன்யூ கண்ணாரக் கண்டான்.

அதன் பிறகு பையன் வேகமாக முன்னேறினான். நனாமி அபே என்ற ஆசிரியை அவனைப் பழக்கினார். 2008-ல் ஜப்பான் ஜூனியர் சாம்பியன் ஆனான். 2010 மார்ச்சில் ஹாலந்து நாட்டில் ஹேக் நகரில் உலக ஜூனியர் சாம்பியன் பட்டம் கிடைத்தது. அப்போது வயது 15. அடுத்து, பெரியவர்களோடு மோதத் தொடங்கினான். 2011 பிப்ரவரியில் தைபே நகரில் நடந்த நான்கு கண்டங்கள் போட்டியில் இரண்டாவதாக வந்தான்.

அதற்கு அடுத்த மாதந்தான் பூமி நடுங்கியது.

விட்டுவிடலாமா?

ஹன்யூவின் வீட்டில் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் வீடு சேதமடைந்தது. பனித்தள அரங்கமும் சேதமடைந்து மூடப்பட்டது. அகதிகள் தங்கும் இடத்தில் அவன் குடும்பத்தோடு நாலு நாள் இருந்தான். சுற்றிலும் வீடு இழந்தவர்கள், உற்றாரைத் தேடுகிறவர்கள்.

சறுக்கு நடனத்தையே விட்டுவிடலாமா என்ற எண்ணம் அப்போது அவனுக்கு வந்தது. குடிக்கத் தண்ணீருக்கு ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது, பனிக்கட்டியின்மேல் துள்ளுவது ஒரு வேலையா? பதினாறு வயதுப் பையன் மனத்தில் இந்த எண்ணம் முள்ளாகத் தைத்தது.

சில நாட்கள் கழித்து, சிறு வயதில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் யோகஹாமா நகரில் பழகுவதற்கு இடம் கொடுத்தார். அவன் போனான். ஆனால் மனம் சென்டாயிலேயே இருந்தது.

ஏப்ரல் 9-ந் தேதி, பூகம்ப நிதிக்காக ஒரு காட்சி நடந்தது. நடந்த இடம் கோபே நகரம். அந்த ஊரும் பட்ட ஊர்தான்! 1995 ஜனவரியில் அங்கே நேர்ந்த பூகம்பத்தில் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஹன்யூ அப்போது பிறந்து 41 நாளே ஆன குழந்தை. இடிந்து விழுந்து, பிறகு எழுந்து நின்ற அந்த நகரத்தின் ஜனங்கள் முன்னால், இடிந்த ஊரிலிருந்து வந்த பையன் ஆடினான். கைதட்டல் அரங்கத்தை நிறைத்தது.

ஆடலாம் என்ற துணிவு அவனுக்கு மெல்ல வந்தது.

ஆனால் எங்கே பழகுவது? சொந்த ஊரில் அரங்கம் இல்லை. இதற்கு அவன் ஒரு வழி கண்டான். ஊர் ஊராகப் போய்ச் சறுக்கு நடனக் காட்சிகளில் கலந்துகொண்டான். காட்சி நடக்கும் இடத்தில் பனித்தளம் இருக்கும் அல்லவா? அங்கேயே பழகினான். சில மாதங்களில் சுமார் 60 காட்சிகள்! ஜூலையில் சென்டாய் அரங்கம் திறந்தது. நவம்பரில் மாஸ்கோ போட்டியில் ஹன்யூவுக்கு முதல் பரிசு!

கீழே விழுந்தான், எழுந்தான்

2012 மார்ச். பிரான்ஸ் நாட்டில் நீஸ் நகரில் உலகச் சாம்பியன் போட்டி. ஹன்யூ அதில் கலந்துகொண்டது அதுவே முதல் தடவை. போதாக்குறைக்கு வலது கணுக்காலில் சுளுக்கு. குறு நடனத்தில் ஏழாவது இடந்தான் கிடைத்தது.

நெடு நடனத்துக்கு "ரோமியோ ஜூலியட்" படத்தின் இசை. பாதிக்கு மேல் அருமையாக ஆடிவிட்டான். அப்புறம் துள்ளலே இல்லாத ஓர் இடத்தில், சாதாரணமாக ஓடும்போது, தடுக்கி விழுந்துவிட்டான். சபையில் "ஐயோ!" என்ற ஒலி எழுந்தது.

பையன் எழுந்தான். எழுந்த கையோடு, மூன்றரைச் சுற்றுத் துள்ளலையும் மூன்று சுற்றுத் துள்ளலையும் அடுத்தடுத்துப் போட்டு, ஒற்றைக் காலில் இறங்கினான். அதன் பிறகு ஜனங்கள் கைதட்டலை நிறுத்தவில்லை. ஆடி முடிந்ததும் மூச்சு வாங்க நின்றான். ஏழாவது இடத்தில் இருந்தவன் மூன்றாவது இடத்துக்கு ஏறி வெண்கலப் பதக்கம் பெற்றான். வயது 17.

பதக்கத்தைவிடப் பெரிய பொருள் ஒன்று அவனுக்கு அங்கே கிடைத்தது. அதுவரை, பூகம்பத்தால் வாடும் ஊருக்குத் தன் ஆட்டத்தால் தெம்பு கொடுக்கவேண்டும் என்று நினைத்திருந்தான். அந்தப் பாரத்தைத் தோளில் சுமந்துகொண்டே ஆடினான். உண்மையில் ஊர்தான் தன்னைத் தாங்கி நிற்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வீடு இழந்தவர்களே அவனுக்கு ஊக்கம் கொடுத்தார்கள்!

சவங்கள் கிடந்த அரங்கம்

அந்தக் கோடையில் அவன் கனடாவுக்குப் போனான். டொரான்டோ நகரில் பிரியன் ஆர்சர் என்ற புகழ்பெற்ற ஆசிரியர் இருந்தார். இரண்டு ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர் அவர். மேலே ஏறவேண்டுமானால் அவரிடம் கற்கவேண்டும். அல்லற்படும் ஊரை விட்டுப் போவது ஹன்யூவுக்கு எளிதாக இல்லை. இருந்தாலும் போனான்.

சில மாதத்திலேயே ஊருக்கு வரும் சந்தர்ப்பம் கிடைத்தது. 2012 நவம்பரில் ஒரு சர்வதேசப் போட்டி, சென்டாயை அடுத்த ரிபு என்ற ஊரில் நடந்தது. அந்த அரங்கத்தின் கதை உருக்கமானது. கடல் பொங்கி மாண்டவர்களின் சவங்களை அங்கேதான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தாயைத் தேடி வந்த பிள்ளைகளும், பிள்ளையைத் தேடி வந்த தாய்மார்களும் நடந்த தரை அது.

அந்த இடத்தில் ஹன்யூ ஆடினான். குறு நடனத்தில் 95.32 மார்க்! அந்நாளில் அது உலக சாதனை. போட்டியிலும் அவனுக்கே முதல் பரிசு.

19 வயதில் தங்கம்

2014 பிப்ரவரி. ருஷ்யாவில் சோச்சி நகரில் ஒலிம்பிக் பந்தயம். 13-ந் தேதி குறு நடனத்தில் ஹன்யூவுக்கு 101.45 மார்க் கிடைத்தது. அதற்கு முன் உலகத்தில் எவரும் அதில் நூறைத் தாண்டியதில்லை!

மறுநாள் நெடு நடனத்தில் அவன் இரண்டு தடவை விழுந்தான். தங்கம் கை நழுவிவிட்டது என்றே நினைத்தான். ஆனால் அவனுக்குப் பின்னால் ஆடிய கனடா வீரர் பாட்ரிக் சானும் தவறுகள் செய்தார். கணக்குப் பார்த்தபோது ஹன்யூவுக்கு 280.09, சானுக்கு 275.62. தங்கம் ஹன்யூவுக்கு!

வென்றவன் துள்ளிக் குதிப்பான் என்று நிருபர்கள் எதிர்பார்த்தார்கள். அவனோ பூகம்பத்தைப் பற்றிப் பேசினான். தான் தங்கம் வென்றதால் மட்டும் ஊருக்கு ஏதும் செய்துவிட்டதாக ஆகாது, கையாலாகாதவன் போலத்தான் உணர்கிறேன் என்ற கருத்தில் பேசினான்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. ஏப்ரல் 26-ந் தேதி சென்டாயில் அவனுக்கு ஊர்வலம் நடந்தது. சுமார் 92,000 பேர் தெருவில் திரண்டு நின்றார்கள்.

கேள்விக்குப் பதில்

ஹன்யூ 2018-ம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் அமெரிக்க வீரர் டிக் பட்டன் வென்றதற்குப் பிறகு, ஆண்களில் தொடர்ந்து இரு தடவை தங்கம் பெற்றவர் அவரே. 2022 ஜூலையில் போட்டிகளிலிருந்து விலகினார். தமது சுயசரிதையின் வருமானத்தைத் தாம் பழகிய சென்டாய் அரங்கத்துக்கே அளித்தார்.

2023-ம் ஆண்டு மார்ச் மாதம், பூகம்பத்தின் நினைவு நாளை ஒட்டி அவர் ஒரு காட்சி நடத்தினார். எந்த இடத்தில் தெரியுமா? சவங்களை வைத்திருந்த அதே ரிபு அரங்கத்தில்!

ஊர் அழும்போது ஒருவன் ஆடலாமா? பூட்ஸைக் கழற்ற நேரமின்றி ஓடிய பையனுக்கு அன்று பதில் தெரியவில்லை. அழுத ஊரே அரங்கத்தில் வந்து உட்கார்ந்து, கைதட்டி அதற்குப் பதில் சொல்லிவிட்டது.