கூரைக்குள் வந்த வானம்

1774-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், சந்திரனும் புதன், சுக்கிரன், செவ்வாய், குரு ஆகிய நான்கு கிரகங்களும் வானத்தின் ஒரே பகுதியில் நெருங்கித் தோன்றவிருந்தன. அன்று கிரகங்கள் ஒன்றோடொன்று மோதும், பூமி தன் பாதையினின்றும் பெயர்ந்து அழியும் என்று கூறும் சிறு பிரசுரம் ஒன்று நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியில் பரவிற்று. மக்கள் பெரிதும் அஞ்சினர். குறித்த நாள் வந்து கழிந்தது. தீங்கு யாதும் விளையவில்லை.

அப்பகுதியிலுள்ள பிரானேகர் என்னும் ஊரில் கம்பளி சீவும் தொழில் நடத்திவந்தவர் ஐசே ஐசிங்கா. கணிதத்தையும் வானநூலையும் தம் முயற்சியால் பயின்றவர். கிரகங்களின் ஒழுங்கான இயக்கத்தைக் கண்ணாரக் கண்டால் மக்களின் அச்சம் அகலும் எனக் கருதி, தம் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே சூரிய மண்டலத்தை அமைக்கத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் உழைத்து 1781-இல் அதனை முடித்தார். மரச் சக்கரங்களில் ஏறக்குறைய பத்தாயிரம் இரும்பாணிகள் பற்களாக அமைந்துள்ளன. ஊசல் கடிகாரம் ஒன்று அனைத்தையும் இயக்குகின்றது. வானத்திற் போலவே அங்கும் சனி ஒரு சுற்று முடிக்க இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. இவ்வமைப்பு இன்றும் இயங்குகின்றது. 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

ஆயினும், இது சூரிய மண்டலத்தைப் புறத்தேயிருந்து காட்டுவதே. பூமியில் நிற்பவன் காணும் வானத்தை அவ்வண்ணமே காட்ட வேண்டுமென விரும்பியவர், மியூனிக் நகரின் ஜெர்மன் பொருட்காட்சிசாலையை நிறுவிய ஆஸ்கர் வான் மில்லர். பெரியதோர் உலோகக் கோளத்தைச் சுழலச் செய்வது முதலில் எழுந்த எண்ணம். முதல் உலகப் போருக்குப் பின், ஜேனா நகரின் ஜைஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த வால்தர் பவர்ஸ்பெல்ட் இதனைத் தலைகீழாக மாற்றினார். கூரை அசையாதிருக்கட்டும், நடுவே உள்ள யந்திரம் சுழன்று, ஒளியால் விண்மீன்களை அதன்மீது வீழ்த்தட்டும் என்பதே அவர் கண்ட வழி.

1923-இல் தொழிற்சாலையின் மாடியில் 16 மீட்டர் குறுக்களவுள்ள வெண்ணிறக் குவிமாடத்தின்கீழ் இக்கருவி சோதிக்கப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 21-இல் மியூனிக்கில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. இன்னும் சீர்செய்யப்பெற்று, 1925 மே மாதத்தில் அங்கே நிலையாக அமைந்தது. விளக்குகள் அணைந்ததும் ஏறத்தாழ 4,500 விண்மீன்கள் தோன்றின. ஒரு நாளின் இயக்கம் சில நிமிஷங்களுள் நிகழ்ந்தது. முதற் கருவி மியூனிக்கின் வானத்தையே காட்டியது. அடுத்து வந்த கருவி பூமியின் எவ்விடத்து வானத்தையும் காட்ட வல்லதாயிற்று.

1962 பிப்ரவரியில் நம் நாட்டிலும் கிரகச் சேர்க்கை பற்றிய பீதி எழுந்தது. பல இடங்களில் யாகங்கள் நடந்தன. உலகம் அழியவில்லை. அடுத்த ஆண்டு கல்கத்தாவின் பிர்லா கோளரங்கத்தைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

கோளரங்கம் இல்லாத ஊர்களிலும் ஆசிரியர் இவ்வுண்மையை உணர்த்தலாம். அருகிலுள்ள பனைமரமும் தொலைவிலுள்ள குன்றும் ஒரே நேர்கோட்டில் தோன்றும் இடத்தில் மாணவரை நிறுத்துக. அவை ஒன்றையொன்று தொடுவதுபோல் தோன்றினும், இடையே பல கல் தொலைவு உண்டு. வானத்தில் கிரகங்கள் கூடுவதும் இத்தகைய தோற்றமே.