வீட்டுத் தோட்டத்தில் மெழுகு மிளகாய்

பெங்களூரின் மாலை நேரக் கடைகளில் பஜ்ஜிக்கென விற்கப்படும் நீண்ட வெளிர்பச்சை மிளகாயை அறியாதார் இலர். அதற்கு நெருங்கிய உறவுடையதாய், தடித்த சதையும் மெழுகு பூசினாற்போன்ற வெளிர்மஞ்சள் தோலும் கொண்ட மற்றோர் இனம் உண்டு. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டமே எனினும், இவ்வினத்தைப் பேணி வளர்த்தவர்கள் ஹங்கேரி நாட்டு உழவர்கள்.

ஹங்கேரியின் 'சொரோக்சாரி' என்னும் வகையிலிருந்து, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தெரிந்தெடுத்து உருவாக்கியதே 'அர்க்கா பசந்த்'. இதன் காய்கள் கூம்பு வடிவின. ஒவ்வொன்றும் 50 முதல் 80 கிராம் எடையுடையன. பாலேட்டின் நிறத்தில் பறிக்கலாம்; விட்டுவைத்தால் செம்மஞ்சள் நிறமாய்ப் பழுக்கும். இது வீரிய ஒட்டு இனம் அன்று. எனவே, ஆண்டுதோறும் விலை கொடுத்து விதை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐந்தாறு தொட்டிச் செடிகளால் ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவு பெரிதும் குறைந்துவிடாது. இந்நகரில் கணக்கிட வேண்டிய முதற்செலவு நீரேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே ஹெசரகட்டா ஏரிதான் நகருக்குக் குடிநீர் அளித்தது. இன்று காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 மார்ச்சில் ஏற்பட்ட தட்டுப்பாட்டின்போது, தோட்டங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதற்குக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது.

ஆகவே எப்போது விதைப்பது என்பதே முக்கியமான வினா. கோடையில் வளரும் செடிக்கு நாள்தோறும் நீர் வேண்டும். அவ்வளவு ஊற்றியும், பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பூக்கள் உதிர்ந்துவிடும். நீரும் போய்க் காயும் கிட்டாத நிலை அது. மாறாக, ஜூன் மாதத்தில் விதைத்து, ஐந்து அல்லது ஆறு வாரங்களில் நாற்றைத் தொட்டிக்கு மாற்றினால், வளரும் காலமெல்லாம் மழை துணை நிற்கும். அக்டோபர் முதல் காய் பறிக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் மிதமான தட்பவெப்பம் காய் பிடிப்பதற்கு ஏற்றது. மழையற்ற நாட்களில் அரிசி, பருப்பு கழுவிய நீரே போதும்.

தொட்டியில் நீர் தேங்கலாகாது. தக்காளி, கத்தரி வளர்ந்த பழைய மண்ணை மீண்டும் இடுவது வாடல் நோயை வரவழைக்கும். இலைகள் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் செஞ்சிலந்தியை ஒத்த நுண்சிலந்தியையும் ஐயுறலாம். தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தல் நலம்.

விதை சேகரிப்பதில் ஓர் எச்சரிக்கை. பக்கத்துத் தொட்டியில் காரமிளகாய் இருந்தால் இவ்வாண்டுக் காய் காரமாகிவிடும் எனப் பலர் அஞ்சுவர், அது தவறு. அயல் மகரந்தத்தின் விளைவு விதையினுள் தங்கி, அடுத்த தலைமுறைச் செடியிலேயே வெளிப்படும். எனவே, பூ மலருமுன் ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்து, காம்பில் நூல் கட்டி அடையாளமிட வேண்டும். அக்காய் செடியிலேயே முற்றிலும் பழுத்த பின், விதையை எடுத்து நிழலில் உலர்த்திப் புட்டியிலிட்டு அடுத்த ஜூன் வரை வைத்திருக்கலாம்.