உங்களுக்குத் தெரியுமா? கேரளம் போய்த் திரும்பி வரும் பவானி

நீலகிரியில் பிறக்கும் பவானி, கேரளத்துக்குள் புகுந்து, அட்டப்பாடியில் சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு நம் பக்கமே திரும்பிவிடுகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான்; அதில் இது ஒன்று. சரவணம்பட்டியிலிருந்து சத்தி ரோட்டைப் பிடித்தால் சத்தியமங்கலத்தில் அதைக் கண்ணாரப் பார்க்கலாம். பவானிசாகர் அணையின் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. நெல், கரும்பு, மஞ்சள் என எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

இன்னொரு அதிசயம்: காவிரியில் கலக்கப்போகும் பவானியின் உபரி நீரை 6 நீரேற்று நிலையங்கள் மேட்டுக்கு ஏற்றி, அன்னூர் வரை கொண்டுவருகின்றன. தலைமுறைகள் கேட்டுக் காத்திருந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இது. 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்காக!