கேபிளுக்குப் பதிலா ஆயில்: படகு ஸ்டியரிங்கில் என்ன மாறும்?

பைக்ல கிளட்ச் கேபிள் துருப்பிடிச்சா கை எப்படி வலிக்கும்னு உங்களுக்கே தெரியும். அவுட்போர்டு மோட்டார் வச்ச சின்னப் படகிலும் அதே கதைதான். உப்புத்தண்ணி பட்டு, கிரீஸ் காய்ந்து, ஸ்டியரிங் கேபிள் இறுகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. புரொப்பெல்லர் சுழலும்போது மோட்டாரை ஒரு பக்கமா இழுக்கும். சாதாரண கேபிளில் அந்த இழுப்பு நேரா உங்க கைக்கு வரும். வேகத்தில் கை நழுவினா, படகு சட்டென்று திரும்பி ஆளையே கடலில் வீசிடலாம்.

ஹைட்ராலிக்கில் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ஒரு பம்ப் இருக்கும். நீங்க திருப்பினா அது ஒரு ஹோஸ் வழியா ஆயிலைத் தள்ளும். மோட்டாரில் மாட்டிய சிலிண்டர் நகரும். மறுபக்க ஆயில் இன்னொரு ஹோஸில் திரும்பி வரும். மோட்டார் திருப்பித் தள்ளினாலும் செக் வால்வு ஆயிலை அடைச்சிடும். கைக்கு இழுப்பு வராது.

கணக்கு சுலபம். பம்ப் சுற்றுக்கு 28 சிசி தள்ளுது, சிலிண்டர் 140 சிசி என்றால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 5 சுற்று. சிலிண்டர் பெருசானா ஸ்டியரிங் லேசாகும், ஆனா சுற்று கூடும்.

மாற்றி முடிச்சதும் ஏர் எடுப்பதில் அவசரப்படாதீங்க. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். உள்ளே குமிழி இருந்தா, ஏர் புகுந்த டிஸ்க் பிரேக் மாதிரி ஸ்டியரிங் பஞ்சாகிடும். கம்பெனி சொன்ன ஆயில்தான் ஊற்றணும். பிரேக் ஆயில் சீலைக் கெடுத்துடும்.

ஹோஸ் கழன்றா ஹைட்ராலிக்கும் கைவிடும். அதனால கில் சுவிட்ச் கயிற்றை உடம்பில் மாட்டிக்கிட்டே ஓட்டுங்க.