லௌடோக்காவில் இறங்கினால் முருகன் கோயில்

சிட்னியிலிருந்து பசிபிக் தீவுகளுக்குக் கப்பலில் போகிறீர்களா? பிஜியின் லௌடோக்கா துறைமுகம் வழியில் வந்தால், அன்றைக்குக் கப்பல்காரர்களின் டூரை வாங்காதீர்கள். நாங்கள் வாங்கவில்லை. டாக்சி பிடித்து, நாடி ஊரிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போனோம். சுமார் 30 கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். முழங்காலை மறைக்கும் உடை வேண்டும்.

அதுவரை பிள்ளைகளுக்கு நீச்சல்குளமும் எந்நேரமும் கிடைக்கிற ஐஸ்கிரீமும்தான் கப்பல். (நமக்கோ மூன்றாம் நாளே நாக்கு ரசம் கேட்கும்!) வழியில் கரும்பைப் பார்த்ததும் சொன்னேன்: "இதுல வேலை செய்யத்தான் நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்களும் கப்பல்லதான் வந்தாங்க."

1879-இல் கல்கத்தாவிலிருந்து தொடங்கிய ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள், 1903 முதல் சென்னையிலிருந்தும் கிளம்பின. 1916 வரை வந்தவர்கள் 60,000-க்கும் மேல்.

"ரிட்டர்ன் டிக்கெட் இருந்துச்சா?" என்றாள் மகள்.

பத்து வருஷம் இருந்தால் இலவசமாகத் திரும்பலாம் என்பது ஒப்பந்தம். பெரும்பாலானோர் திரும்பவில்லை.

எங்கள் டிரைவர் அவர்கள் வழி வந்தவர். பெயர் தமிழ், வீட்டில் பேசுவது பிஜி ஹிந்தி. தமிழ் தாத்தாவோடு போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். மகளைத் தமிழில் ஏதாவது பேசச் சொன்னார். சிட்னியில் நான் கெஞ்சினாலும் வாய் திறக்காதவள், கொஞ்சம் யோசித்து, "சாப்டீங்களா?" என்றாள். அவருக்குப் புரிந்தது.

புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகம் திரும்புங்கள். தன் டூரில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், நமக்காக நிற்காது. போன் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், கப்பல் நேரம்தான் கணக்கு.