சேற்றைத் தடுக்கும் ஜோடி வளையம்

"ஆயில் சீல் தெரியும், அது என்னப்பா ஃபேஸ் சீல்?" என்று என்னைக் கேட்டவர்கள் பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

புல்டோசரின் டிராக் ரோலரும் ஃபைனல் டிரைவும் நாள் முழுவதும் சேற்றிலும் மணலிலும் புரளுபவை. ரப்பர் உதடு கொண்ட சாதாரண சீல் அங்கே தாக்குப்பிடிக்காது. ஆகவே, ஒரே மாதிரியான இரண்டு உலோக வளையங்களை முகத்தோடு முகம் வைத்து மாட்டுகிறார்கள். ஒன்று சுழலும், மற்றது நிற்கும். கண்ணாடி போல் மெருகேற்றிய அந்த முகங்கள்தான் எண்ணெயை உள்ளேயும் சேற்றை வெளியேயும் நிறுத்துகின்றன. ஒவ்வொரு வளையத்தின் முதுகிலும் ஒரு ரப்பர் ரிங் உண்டு. ஸ்பிரிங்கும் அதுதான், பிடிமானமும் அதுதான். கேட்டர்பில்லர் கம்பெனி இதை 'டுவோ-கோன்' என்ற பெயரில் விற்கிறது.

சரி, மாட்டுவது எப்படி? ரப்பர் என்றாலே எண்ணெய் தடவிப் போடுவதுதானே நம் பழக்கம்! இங்கே அது ஆகாது. ரப்பரிலோ அது உட்காரும் சரிவிலோ எண்ணெய் பட்டால், பிடிக்க வேண்டிய ரப்பர் வழுக்கிவிடும். வளையம் கோணலாகிக் கசிவு ஆரம்பிக்கும். எனவே இரண்டையும் சுத்தமாகத் துடைத்துக் காயவிட வேண்டும். பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் ஒரு நூல் முகங்களுக்கு நடுவே சிக்கினாலும் போச்சு! நூல் பிரியாத துணியே நல்லது.

ரப்பர் ரிங் முறுக்கிக்கொள்ளக் கூடாது. அதன் மேலுள்ள அச்சுக்கோடு சுற்றிலும் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு, அதற்கென்றே உள்ள டூலை வைத்து ஒரே சீராக அழுத்தி உட்கார வையுங்கள். நான்கு பக்கமும் வளையத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால், உலோகத்தைத் தட்டாமல் ரப்பரைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எண்ணெய்க்கு இடமே இல்லையா? உண்டு. உலோக முகங்களில் மட்டும் மெல்லிய பூச்சு. கடைசியாக, இரு பாதிகளையும் நேராக, மெதுவாகச் சேருங்கள். மோதவிட்டால் முகத்தில் கீறல் விழும். பழைய வளையத்தோடு புதியதை ஜோடி சேர்க்கவும் கூடாது.

சீல் கசிந்தால் எண்ணெய் வெளியேறும், சேறு உள்ளே வரும், பேரிங்கும் பல்சக்கரமும் போகும். அப்புறம் வண்டியே படுத்துவிடும். டிரெயினிங் போகும் தம்பிகளே, தங்கைகளே! ஃபோர்மேன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்த நாலு அளவை மட்டும் எடுக்காமல் விடாதீர்கள்!