கள்ளியின் பெயர் அறிதல்

தொட்டியில் கள்ளி வளர்த்து, அதன் இனப்பெயரைத் துருவி ஆராயும் அன்பர்களைக் கண்டு நகைப்போர் உண்டு. ஆயினும் அக்கலை உழவருக்கும் நெசவாளருக்கும் எத்துணை நெருங்கியது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும்.

மெக்ஸிகோ நாட்டில் கள்ளியின்மீது வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்திச் செஞ்சாயம் எடுத்தனர். பட்டுக்கும் கம்பளிக்கும் உகந்த அச்சாயத்தின் வாணிபம் ஸ்பெயின் தேசத்தார் கையில் இருந்தது. அதனைத் தாமும் பெற விழைந்தனர் கிழக்கிந்தியக் கம்பெனியார். மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-ஆம் ஆண்டில் பிரேஸிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. வந்ததோ மெக்ஸிகோவின் நற்பூச்சி அன்று. அதன் இனத்தைச் சார்ந்த மற்றொன்று. சாயம் தரத்தில் தாழ்ந்தது, முயற்சி பயன்தரவில்லை.

எனினும் அப்பூச்சி ‘மொனகாந்தா’ என்னும் கள்ளியை அடியோடு அழிக்க வல்லதாயிற்று. நிலங்களை அடைத்து நின்ற அக்கள்ளியை ஒழிக்க, 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவிலும் அதனைப் பரப்பினர். ஆனால் நாகதாளி எனும் சப்பாத்திக்கள்ளியை அது அழிக்கவில்லை. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பூச்சிக்கு அவை வேறு. 1926-இல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் இனம் வந்த பின்னரே நாகதாளி அடங்கிற்று, நிலமும் மீண்டது.

இனம் காண்பது எங்ஙனம்? முதலில் முள் தோன்றும் இடத்தை நோக்குக. பஞ்சு போன்ற சிறு திட்டிலிருந்து முள் எழுமாயின் அது மெய்யான காக்டஸ். சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியன ஆமணக்கின் குடும்பத்தவை. அவற்றில் அத்திட்டு இல்லை. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். பின்னர் முட்களை எண்ணுக. மொனகாந்தாவின் மடலில் ஒரு திட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு முட்களே. நாகதாளியில் மஞ்சள் நிற முட்கள் பல. பூவையும் கனியையும் கண்ட பிறகே பெயரை உறுதி செய்தல் நலம்.

வளர்ப்பதும் எளிதே. வெட்டிய மடலை ஒரு வாரம் நிழலில் வைத்து, காயம் உலர்ந்தபின் மணல் மிகுந்த மண்ணில் ஊன்றுக. மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் விடுக. கள்ளியை மாய்ப்பது வறட்சியைவிட ஈரமே. ஒவ்வொரு தொட்டியிலும் பெயரும் ஆண்டும் எழுதி வைக்க வேண்டும்.

கழித்த மடல்களை வரப்பிலோ தரிசிலோ எறிதல் ஆகாது. விழுந்த இடத்தில் வேர்விடும் செடி அது. முன்னோர் அரும்பாடுபட்டு மீட்ட நிலத்தை நம் பொழுதுபோக்கு மீண்டும் கள்ளிக்காடாக்குதல் முறையன்று.